பழைய ஐ7-ஆ, புது ஐ3-ஆ? முதல்முறை கம்ப்யூட்டர் வாங்குபவருக்கு

தை அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கியில் ஏறியதும் கும்பகோணத்தில் எங்கள் கடைக்கு ஒரு கூட்டம் வரும். பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்க வரும் அப்பாக்கள், சித்திரை வைகாசிக் கல்யாணங்களுக்கு முன்னால் ஆல்பம் போட மெஷின் தேடும் ஸ்டூடியோக்காரர்கள், பிரவுசிங் சென்டர் தொடங்குகிறவர்கள். பாதிப்பேர் கையில் ஏற்கெனவே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் 'ஐ7' என்று எழுதியிருக்கும். வேறு ஒன்றும் இருக்காது.

அப்படி வந்தவர்களில் வலங்கைமான் ஸ்டூடியோத் தம்பி ஒருவரிடம் இரண்டு சீட்டு இருந்தது. ஒன்று, ஏதோ கம்பெனி கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப்: ஐ7-3770, 8 ஜிபி ராம். இன்னொன்று புதிதாக அசெம்பிள் செய்வது: ஐ3-12100, அதே 8 ஜிபி. புதுசின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. "ஏண்ணே, பாதி விலைக்கு ஐ7 கிடைக்கிறப்ப ஐ3-க்கு எதுக்கு டபுளாக் குடுக்கணும்?" என்றார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு அவருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முழுப் பெயரை எழுதி வாங்குங்கள்

கம்ப்யூட்டரின் மூளைதான் ப்ராசஸர். இன்டெல் கம்பெனி வைக்கும் ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் ஒரு ப்ராசஸர் உட்கார்ந்திருந்த இடம். தலைமுறை எது என்று தெரியாமல் அந்த 7-க்கு அர்த்தமே கிடையாது. கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம்தான் தலைமுறை: 2600 இரண்டாவது, 2011-ல் வந்தது, 3770 மூன்றாவது, 2012, 7700 ஏழாவது, 2017. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கம்: 10100 பத்தாவது, 2020, 12100 பன்னிரண்டாவது, 2022.

இப்போது ஐ7-7700-ஐயும் ஐ3-10100-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நான்கு கோர், எட்டு த்ரெட். (கோர் என்பது ப்ராசஸருக்குள் வேலை செய்யும் ஆள்; த்ரெட் என்பது அந்த ஆட்கள் ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலைகள்.) இரண்டுக்கும் அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். உச்ச வேகம் 7700-க்கு 4.2, 10100-க்கு 4.3. 7700-ல் கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம், கொஞ்சம் கூடுதல், 8 எம்பி, மற்றதில் 6. மற்றபடி 2017-ல் ஐ7 என்று விற்ற சரக்கை மூன்றே வருஷத்தில் ஐ3 என்று பெயர் மாற்றி விற்றார்கள் என்று சொன்னால் பெரிய தப்பில்லை. காரணம் போட்டி. பல வருஷமாக வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ஐ7 நான்கு கோரிலேயே நின்றிருந்தது. 2017-ல் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி, ரைசன் என்ற எட்டு கோர் ப்ராசஸரை இறக்கியது. அதே வருஷக் கடைசியில் இன்டெல் ஐ7-ஐ ஆறு கோருக்கு ஏற்றியது. மேலே உள்ளவர் நகர்ந்தால் கீழே உள்ளவருக்கும் இடம் கிடைக்கும் இல்லையா, அப்படி ஐ3-க்கும் நான்கு கோர் கிடைத்தது.

எண்ணுக்குப் பின்னால் எழுத்து இருந்தால் அதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். 'எஃப்' என்று முடிந்தால் அந்த ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. 12100-க்கும் 12100எஃப்-க்கும் விலை வித்தியாசத்தைப் பார்த்து எஃப்-ஐ வாங்கிவந்து, மானிட்டர் கெட்டுப்போச்சு என்று தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஏஎம்டியில் ரைசன் 5 5500-க்கும் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி-க்கு உண்டு. 'யு' என்றால் லேப்டாப்புக்கான சிக்கன ரகம். பெரிய ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. ஐ7-5600யு என்று ஒன்று பழைய லேப்டாப்புகளில் நிறைய வரும். ஐ7தான். ஆனால் உள்ளே இருப்பது இரண்டே கோர். 2022-ல் வந்த ஐ3-1215யு-வில் ஆறு கோர். (லேப்டாப் எண்ணில் இன்னொரு குழப்பம்: 1215 நான்கு இலக்கம்தான், ஆனாலும் அது பன்னிரண்டாம் தலைமுறை. 1-ல் தொடங்கினால் இரண்டு இலக்கத்தைச் சேர்த்துப் படியுங்கள்.)

2. கிகாஹெர்ட்ஸை வைத்து முடிவு செய்யாதீர்கள்

3770-க்கு 3.4 கிகாஹெர்ட்ஸ், முடுக்கினால் 3.9. 12100-க்கு 3.3, முடுக்கினால் 4.3. இரண்டும் நான்கு கோர், எட்டு த்ரெட். சீட்டில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரித்தான் தெரியும். ஆனால் பாஸ்மார்க் என்ற பொதுவான சோதனையில் 3770 வாங்கும் மொத்த மதிப்பெண் 6,000-க்குச் சற்று மேல். 12100 வாங்குவது 13,000-க்கு மேல். ஒரே ஒரு கோரை மட்டும் ஓட்டிப் பார்த்தாலும் புதியது ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம்.

தம்பிக்கு இதை நடவை வைத்துத்தான் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை குனிந்து நிமிர்கிறார் என்பதுதான் கிகாஹெர்ட்ஸ். ஒரு குனிவில் எத்தனை குத்து நடுகிறார் என்பது வேறு கணக்கு, அதை எந்தச் சீட்டிலும் எழுதமாட்டார்கள். புது ப்ராசஸர் ஒரு குனிவில் அதிகம் நடுகிறது. நாற்றுக் கட்டும், அதாவது ராமிலிருந்து வரும் தரவும், அதன் கைக்குச் சீக்கிரம் வந்து சேர்கிறது: 3770-க்கு டிடிஆர்3 ராம், வேகம் 1600; 12100-க்கு டிடிஆர்4, 3200 வரை.

இந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என்100 என்ற குட்டி ப்ராசஸரைச் சொல்லலாம். 2023-ல் வந்தது, உள்ளங்கையளவு மினி பிசிக்களில் போடுகிறார்கள். நான்கு கோர், நான்கு த்ரெட். அதன் வெப்ப அளவு 6 வாட். 2011-ல் ராஜாவாக இருந்த ஐ7-2600-க்கு அது 95 வாட். பாஸ்மார்க்கில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. முதல்முறை பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது, 2600-ஐப் பெருமையாக மேசையில் வைத்திருந்தவன் நான்.

பாஸ்மார்க் மதிப்பெண்ணை நீங்களே போனில் தேடிப் பார்க்கலாம். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், சிங்கிள் த்ரெட் என்று போட்டிருக்கும் ஒற்றைக் கோர் மதிப்பெண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

3. உங்கள் வேலை எத்தனை ஆள் வேலை?

கோர் என்பது நடவு ஆள். பத்து மா நிலம் என்றால் இருபது பேர் இறங்கலாம். சின்னப் பாத்திக்குள் இருபது பேரை இறக்கினால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள், அவ்வளவுதான்.

டேலியில் பில் போடுவது, பத்திரிகை டைப் செய்வது, அரசு இணையதளத்தில் விண்ணப்பம் போடுவது எல்லாம் ஒன்றிரண்டு ஆள் வேலை. ஃபோட்டோஷாப்பிலும் தினசரி வேலையில் பெரும்பகுதி அப்படித்தான். இவற்றுக்குச் சிங்கிள் த்ரெட் மதிப்பெண்தான் பேசும். கல்யாண வீடியோவை எடிட் செய்து முடித்துக் கடைசியில் எக்ஸ்போர்ட் போடுகிறீர்களே, அது எல்லாக் கோரையும் இழுக்கும் வேலை. அங்கே மொத்த மதிப்பெண் பேசும்.

இது புரியாமல்தான் பலர் இன்டெல்லின் சர்வர் ப்ராசஸரான ஜியான் வலையில் விழுகிறார்கள். சர்வரிலிருந்து கழற்றிய இ5-2680 வி4, 14 கோர், 28 த்ரெட், சீனத்து எக்ஸ்99 மதர்போர்டோடு மலிவாகக் கிடைக்கிறது. மொத்த மதிப்பெண் உண்மையிலேயே 12100-ஐ விட அதிகம். ஆனால் 2016-ல் வந்த அதன் ஒவ்வொரு கோரும் மெதுவானது, 120 வாட் சூடு, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. நாள் முழுக்க வீடியோ ரெண்டர் போடுகிறவருக்குச் சரி. டேலிக்கு இதை வாங்குவது, சைக்கிளில் போக வேண்டிய தூரத்துக்கு நெல் லாரி எடுத்துப் போவது மாதிரி. ஏஎம்டியின் பழைய எஃப்எக்ஸ்-8350-ஐயும் 'எட்டு கோர்' என்று இன்னும் விற்கிறார்கள். 125 வாட். கையில் சும்மா வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் இன்னொரு சங்கதி உண்டு. வீடியோவைப் பிரித்துக் காட்ட ப்ராசஸருக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறைகளில் எச்.264 வரைதான் 3770-இன் அந்தப் பகுதிக்குத் தெரியும். எச்.265 ஆறாம் தலைமுறையோடு வந்தது; யூடியூப் பயன்படுத்தும் விபி9 ஏழாவதில் முழுமையானது; ஏவி1 பதினொன்றில் வந்தது. தெரியாத வகை வந்தால் அந்தப் பாரம் முழுக்கக் கோர்கள் தலையில் விழும். தம்பியின் கேமராவில் எடுத்த எச்.265 காட்சி ஒன்றை, கடையில் சர்வீஸுக்கு வந்திருந்த 3770 மெஷினில் போட்டுக் காட்டினேன். ப்ராசஸரின் பாரத்தைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் கோடு கூரையில் போய் முட்டியது, மாப்பிள்ளை மாலையை எடுத்தார், நின்றார், கொஞ்ச நேரம் கழித்துப் பெண் கழுத்தில் மாலை இருந்தது. நடுவில் நடந்தது எதுவும் திரையில் வரவில்லை. அதையே 12100-ல் போட்டபோது கோடு தரையோடு கிடந்தது.

4. ப்ராசஸரோடு என்னென்ன சேர்ந்து வருகிறது?

பழைய ப்ராசஸரை வாங்கும்போது அது பிறந்த வருஷத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் செருகும் வாய் எல்லாமே அந்த வருஷத்தது. இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

2600-க்கும் 3770-க்கும் அதிகம் கிடைப்பது எச்61 சிப்செட் (போர்டில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்) போட்ட போர்டு. புதுப் பெட்டியில், சீல் உடைக்காமல் கூடக் கிடைக்கும். ஆனால் அந்தச் சிப்செட் 2011-ல் வந்தது. ராமுக்கு இரண்டே இடம், 16 ஜிபிதான் உச்சம். டிஸ்க் செருகும் வாயான சாட்டாவின் வேகம் நொடிக்கு 3 கிகாபிட், அதாவது நீங்கள் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கைப் புதுசாக வாங்கிச் செருகினாலும் அது பாதி வேகத்தில் ஓடும். சிப்செட்டில் யூஎஸ்பி 3 கிடையாது. கேமரா கார்டிலிருந்து 64 ஜிபி இறக்கும் ஸ்டூடியோக்காரருக்கு இது தினம் தினம் வலிக்கும். அதைவிட வேகமான என்விஎம்இ ரக எஸ்எஸ்டியிலிருந்து மெஷின் சாதாரணமாக பூட் ஆகாது, அதாவது தொடங்காது. பழைய டிடிஆர்3 ராமை நாளைக்குப் புதுப் போர்டில் போடவும் முடியாது.

இன்னொன்று, ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு. 2013-ல் நான்காம் தலைமுறையோடுதான் அது வந்தது. அது இல்லாத மெஷினில் திறக்கவே மறுக்கும் மென்பொருள்கள் இப்போது உண்டு. 3770-க்கும் 4770-க்கும் ஒரு வருஷ இடைவெளிதான், ஆனால் இந்த விஷயத்தில் நடுவே ஒரு ஆறே ஓடுகிறது.

பிராண்டட் டெஸ்க்டாப்பாக இருந்தால், பவர் சப்ளையும் போர்டும் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருப்பது சகஜம். சப்ளை போனால் உள்ளூர்க் கடையில் எதையாவது வாங்கி மாட்டிவிட முடியாது. வாங்கும் முன்பே உள்ளே திறந்து, போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரில் 24 பின் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள்.

5. விண்டோஸ் கணக்கு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 3770-ஐ விடுங்கள், 7700 கூட இந்த வாசலில் நின்றுவிடுகிறது. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஏற்றித் தருகிறவர்களும் உண்டு. வீட்டில் பிள்ளை விளையாடும் மெஷின் என்றால் உங்கள் இஷ்டம். ஊர்க்காரர்களின் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் கையாளும் சென்டர் மெஷினில் நான் அதைச் செய்வதில்லை.

லினக்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. 3770-ல் லினக்ஸ் மின்ட் நன்றாகவே ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. ஆனால் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவை வைத்துப் பத்திரிகை அடிக்கும் அச்சகக்காரரை அங்கே நகர்த்துவது என்னால் ஆகாத காரியம். முயன்று பார்த்துவிட்டேன்.

6. கரண்ட் பில்

பழைய மெஷின் கரண்டைக் குடிக்கும் என்று சொல்லியே புதுசைத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழையது 40 வாட் கூடுதலாக இழுக்கிறது, தினம் எட்டு மணி நேரம் ஓடுகிறது என்றால் இரண்டு மாதப் பில்லில் 19 யூனிட். வீட்டுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆறு மெஷினைப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டும் சென்டருக்கு அதே 40 வாட் 170 யூனிட்டைத் தாண்டும். கடை இணைப்பில் வீட்டுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டும் கிடையாது. அங்கே யோசிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கரண்ட் பில்லைவிட யூபிஎஸ்தான் பெரிய கவலை. குறுவை சமயத்தில் மோட்டார்கள் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் நின்று நின்று வரும். பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு: சுமையைப் பாதியாக்கினால் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலே நீளும். ஒரே யூபிஎஸ்ஸில் சிக்கன மெஷின் கூடுதலாகத் தாங்கும் அந்த நிமிஷங்களில்தான் பாதி போட்ட விண்ணப்பத்தைச் சமர்ப்பித்து முடிக்க முடியும்.

7. பழையதுதான் என்று முடிவு செய்தால்

செய்யலாம், தப்பில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

2016-ல் சென்னையில் ஒரு கடையில் நான் 2600 ஒன்றைப் போர்டோடு வாங்கி வந்தேன். ஊருக்கு வந்து மாட்டினால் இரண்டு ராமில் ஒன்றுதான் தெரிகிறது. ராமை மாற்றினேன், ரப்பர் வைத்துத் துடைத்தேன், இரண்டு நாள் போனது. கடைசியில் ப்ராசஸரைக் கழற்றி, சாக்கெட் மேல் போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். அந்தச் சாக்கெட்டின் பெயரே எல்ஜிஏ1155. உள்ளே 1155 பின், வரிசை நடவு போட்ட வயல் மாதிரி ஒரே சாய்வில் மின்னும். அதில் ஓரமாக ஒன்று மட்டும் பக்கத்து வரிசையில் படுத்திருந்தது. தையல் ஊசியால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். இரண்டாவது ராம் தெரிந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு 'நீங்க கழட்டும்போது வளைஞ்சிருக்கும்' என்றார். அதனால் சொல்கிறேன், சாக்கெட்டை அவர் கண் முன்னாலேயே டார்ச் அடித்துப் பாருங்கள்.

கழற்றும்போதே ப்ராசஸர் மேல் உள்ள, சூடு கடத்தும் பேஸ்ட்டையும் பாருங்கள். விபூதி மாதிரி உதிர்ந்தால் பல வருஷம் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். அது குறையில்லை, புதுப் பேஸ்ட் வைக்கச் சொன்னால் போதும். உலோக மூடியில் பொறித்திருக்கும் எண்ணைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். அப்புறம் மெஷினை ஓட விட்டு சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ப்ராசஸர், போர்டு, ராம் மூன்றும் தெரியும். அரை மணி நேரமாவது ஏதாவது கனமான வேலை கொடுத்து வெப்பத்தைக் கவனியுங்கள். கடைக்காரர் ஏசி போட்டிருந்தால் உங்கள் வீட்டில் இன்னும் சில டிகிரி ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய மெஷின் என்றால் திருகு, கனெக்டர்களில் துரு பார்ப்பது கட்டாயம். உப்புக் காற்று யாரையும் விடாது.

8. என் பட்டியல்

எட்டாம் தலைமுறைக்குக் கீழே காசு கொடுத்து வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே 3770 இருந்தால் தூக்கிப் போடவும் வேண்டாம். எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றினால் பிள்ளை படிக்கப் போதும்.

பழைய உயர்ரகம் புது மலிவு ரகத்தோடு உண்மையிலேயே சரிக்குச் சமமாக மோதும் இடம் ஐ7-8700. 2017 அக்டோபரில் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். மொத்த மதிப்பெண்ணில் 12100-க்குப் பக்கத்தில் நிற்கும், விண்டோஸ் 11 ஏறும், டிடிஆர்4 ராம். சிங்கிள் த்ரெட்டில் பின்தங்கும். நல்ல நிலையில், புதுசின் பாதி விலைக்குக் கிடைத்தால் நான் யோசிக்கவே மாட்டேன். முக்கால் விலை சொன்னால் புதுசுதான், உத்தரவாதமாவது கிடைக்கும்.

படிக்கும் பிள்ளைக்கும் ஒற்றை ஆள் சென்டருக்கும் என்100 மினி பிசி போதும். ராமை வாங்கும்போதே தாராளமாகப் போடுங்கள், அதில் பெரும்பாலும் ராமுக்கு ஒரே இடம்தான் இருக்கும். ஃபோட்டோவும் கொஞ்சம் வீடியோவும் என்றால் 12100, எஃப் இல்லாதது. வீடியோவே தொழில் என்றால் இந்தச் சண்டையை விட்டுவிட்டு ஆறு கோருக்கு மேலே பாருங்கள்.

வலங்கைமான் தம்பி 12100-தான் எடுத்தார். 8 ஜிபி ராமை 16 ஆக்கச் சொன்னேன், முனகிக்கொண்டே சம்மதித்தார். பங்குனியில் ஒருநாள் போன் வந்தது. மெஷின் நன்றாக ஓடுகிறதாம், ஒரே ஒரு குறைதானாம். "அண்ணே, ஆல்பம் பாக்க வர்ற கஸ்டமர் எல்லாம் பெட்டியத்தான் பாக்குறாங்க. ஐ7 ஸ்டிக்கர் ஒண்ணு இருந்தா ஒட்டிக் குடுங்களேன்." அதை மட்டும் வேறு கடையில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.